மே மாசம் லேப் சாவி யார்கிட்ட?

ஏப்ரல் பொறந்தா திருத்தணியில ரெண்டு விஷயம் ஏறும். ஒண்ணு வெயில். டி.வி.யில சதம் அடிச்ச ஊர்னு பட்டியல் போட்டா வேலூர் பக்கத்துலயே நம்ம ஊர் பேரும் நிக்கும். இன்னொண்ணு சம்மர் கேம்ப் ஃப்ளெக்ஸ். முன்னெல்லாம் டிராயிங், கராத்தே, ஹேண்ட்ரைட்டிங்னு இருந்தது. இப்போ ரோபோடிக்ஸ், ட்ரோன், கோடிங், ஏ.ஐ. ஆறாவதுலேர்ந்து பிளஸ் ஒன் வரைக்கும் யார் வேணும்னாலும் சேரலாம். அஞ்சு நாள். கிட்டை வீட்டுக்கே எடுத்துட்டுப் போகலாம். சர்டிபிகேட் உண்டு. ஃபீஸ் சில ஆயிரம்.

ஸ்கூல் பசங்களுக்கு லீவுல இன்ஜினியரிங் சொல்லித் தரணுமான்னு கேட்டா, கண்டிப்பா தரணும்னுதான் சொல்வேன். ஆனா இப்போ அது போற ரூட் சரியில்ல. கிட் விக்கறவங்க கையிலயும் அட்மிஷன் பிடிக்கறவங்க கையிலயும் அதை விட்டுட்டு நாம வேடிக்கை பார்த்துட்டு இருக்கோம். இதை நடத்த வேண்டிய ஆளுங்க நாமதான். கே.ஜி.கண்டிகையில உக்காந்து நாலு வருஷம் லேப் ரெக்கார்ட் எழுதின நாம. நம்ம லேப்ல, நம்ம சுத்துப்பட்டு கவர்ன்மென்ட் ஸ்கூல் பசங்களுக்கு, காசு வாங்காம.

முதல்ல இந்த கிட் கேம்ப் எப்படி இருக்கும்னு சொல்லிடறேன். எங்க சித்தி பையன் எட்டாவது படிக்கும்போது சென்னையில ஒண்ணுக்குப் போனான். லைன் ஃபாலோயர் ரோபோ. ஆர்டுயினோ போர்டு, ரெண்டு ஐ.ஆர். சென்சார், ஒரு மோட்டார் டிரைவர், ரெண்டு சக்கரம். கோடு ஏற்கெனவே ஏத்தி வச்சிருந்தாங்க. பசங்க வேலை ஸ்க்ரூ முடுக்கறது, கலர் பார்த்து வயர் சொருகறது. கடைசி நாள் சாயங்காலம் அப்பா அம்மா எல்லாரும் வந்தாங்க, எல்லா வண்டியும் கறுப்பு டேப் மேல அழகா ஓடுச்சு, போட்டோ எடுத்தாங்க, முடிஞ்சது. வீட்டுக்கு வந்து மொசைக் தரையில விட்டான், வண்டி இஷ்டத்துக்குத் திரும்புச்சு. "அண்ணா, கெட்டுப்போச்சு"ன்னான். கெட்டுப்போகல. அந்த சென்சார் போர்டுல நீலக் கலர்ல ஒரு குட்டி ப்ரீசெட் இருக்கும். தரையோட நிறத்துக்கு ஏத்த மாதிரி அதை ஸ்க்ரூடிரைவரால திருப்பணும். திருப்பிக் காட்டினேன். "இதைத் தொடலாமா? தொடக் கூடாதுன்னு சொன்னாங்களே"ன்னு கேட்டான். மொத்த கிட்லயும் இன்ஜினியரிங் இருந்த இடம் அந்த ஒரு திருகுதான். அதைத்தான் தொடக் கூடாதுன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க.

கேம்ப் நடத்தறவங்க பக்கமும் நியாயம் இருக்கு. காசு கட்டின பெத்தவங்க முன்னாடி வண்டி ஓடலைன்னா அடுத்த வருஷம் ஆள் வராது. அதனால எதுவும் தப்பா போகாத மாதிரி எல்லாத்தையும் முன்னாடியே செட் பண்ணி வச்சிடறாங்க. தப்பா போக வாய்ப்பே இல்லாத இடத்துல பையன் என்னத்தைக் கத்துப்பான்?

இதுக்கு நேர் எதிர் உதாரணம் நமக்குப் பக்கத்துலயே இருக்கு. நம்ம மாவட்டத்தோட கிழக்கு ஓரத்துல பழவேற்காடு ஏரி, அதைத் தாண்டினா ஸ்ரீஹரிகோட்டா. 2022 ஆகஸ்ட் 7-ஆம் தேதி அங்கேர்ந்து எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் முதல் தடவையா கிளம்புச்சு. அதுல ஆசாதிசாட்னு ஒரு குட்டி சாட்டிலைட். நாடு முழுக்க 75 அரசுப் பள்ளிகள்ல படிக்கற 750 பொண்ணுங்க சேர்ந்து செஞ்சது. சென்னையில இருக்கற ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா ஒருங்கிணைச்சாங்க. ராக்கெட் நல்லாத்தான் போச்சு. ஆனா ரெண்டாவது ஸ்டேஜ் பிரியறப்போ வந்த அதிர்வுல ஆக்சிலரோமீட்டருங்க கொஞ்ச நேரம் தப்பான அளவு காட்ட, சென்சார் போச்சுன்னு சாஃப்ட்வேர் முடிவு பண்ணிடுச்சு. 356 கிலோமீட்டர் உயரத்துல வட்டமா சுத்த வேண்டியது, ஒரு பக்கம் 76 கிலோமீட்டர் வரைக்கும் தாழ்ந்த நீள்வட்டத்துல போய் விழுந்துச்சு. சாட்டிலைட் காலி. அந்தப் பொண்ணுங்க என்ன பண்ணினாங்க? மறுபடியும் செஞ்சாங்க. 2023 பிப்ரவரி 10-ஆம் தேதி அடுத்த எஸ்.எஸ்.எல்.வி.யில ஆசாதிசாட்-2 சரியா 450 கிலோமீட்டர் பாதையில போய்ச் சேர்ந்துச்சு. எல்லாருக்கும் சாட்டிலைட் கிடைக்காது, தெரியும். ஆனா முதல் தடவை போச்சு, ஏன் போச்சுன்னு பார்த்தோம், ரெண்டாவது தடவை நின்னுச்சுங்கற அனுபவத்தைக் குடுக்க சாட்டிலைட் தேவையில்ல. ஓடாத ஒரு சீலிங் ஃபேன் போதும். அதுக்குக் கொஞ்சம் கழிச்சு வரேன்.

இது ஏன் இப்போ முக்கியம்னா, நம்ம பேட்ச் ஒரு விதத்துல ஸ்பெஷல். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்ஜினியரிங்ல 7.5 சதவீதம் முன்னுரிமை இட ஒதுக்கீடு சட்டம் வந்தது 2021-ல. அதுல உள்ள வந்த முதல் பேட்ச் நாமதான். ஃபீஸ், ஹாஸ்டல் செலவெல்லாம் அரசாங்கமே கட்டுது. நல்ல சட்டம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா சட்டம் சீட் வரைக்கும்தான் கூட்டிட்டு வரும். ஃபர்ஸ்ட் இயர் வொர்க்‌ஷாப்புல வெர்னியர் காலிப்பரை அன்னிக்குத்தான் முதல் தடவை கையில பிடிச்ச பசங்க நம்ம கிளாஸ்லயே இருந்தாங்க. இங்கிலீஷ்ல லெக்சர், இங்கிலீஷ்ல வைவா. நான் எல்.கே.ஜி.யிலேர்ந்து இங்கிலீஷ் மீடியம், எனக்கே முதல் செமஸ்டர்ல பாதி புரியல. அவங்களுக்கு ரெண்டு சுவர்: மொழி ஒண்ணு, மெஷின் ஒண்ணு. அதுல சில பேர் அரியர் மேல அரியர் வச்சு, நாலாவது வருஷத்துலயும் மேக்ஸ் ஒண்ணு எழுதிட்டு இருக்கறது நமக்கே தெரியும்.

அந்த ஒதுக்கீட்டுக்கு ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும். அப்போ 2032-ல நம்ம கிளாஸ்ரூம்ல உக்காரப் போற பையன் 2025-ல ஆறாவதுல சேர்றவன், அனேகமா இங்கேர்ந்து பத்து இருபது கிலோமீட்டர்ல. அவனுக்கு முன்னாடி ஏழு கோடை லீவு இருக்கு.

அமெரிக்காவுல இதே கணக்கை 1970-களிலேயே போட்டிருக்காங்க. எம்.ஐ.டி.யில மைட்ஸ்னு ஒரு கோடைத் திட்டம். இன்ஜினியரிங் பக்கம் அதிகம் வராத சமூகங்கள்லேர்ந்து ஹைஸ்கூல் பசங்களைக் கூப்பிட்டு ஆறு வாரம் கேம்பஸ்லயே தங்க வச்சுச் சொல்லித் தருவாங்க. படிப்பு, தங்கறது, சாப்பாடு எல்லாம் இலவசம். அதே நாட்டுல பெரிய காலேஜ் பேரைப் போட்டு ஆயிரக்கணக்கான டாலர் வாங்கற கோடை கோர்ஸும் ஏகப்பட்டது இருக்கு. நம்ம ஊர் ஃப்ளெக்ஸ்காரங்க காப்பி அடிச்சது ரெண்டாவதை.

நம்ம நாட்டுல இலவசமா எதுவுமே இல்லையான்னா, இருக்கு. இஸ்ரோ 2019-ல ஆரம்பிச்ச யுவிகா அருமையான திட்டம். ஒன்பதாவது படிக்கறவங்க விண்ணப்பிக்கலாம். மே மாசம் ரெண்டு வாரம் இஸ்ரோ மையங்கள்ல தங்கிப் படிக்கலாம், டிக்கெட் செலவுகூட இஸ்ரோவுது. கிராமப் பஞ்சாயத்துப் பகுதிப் பள்ளியில படிக்கறவங்களுக்குத் தனியா வெயிட்டேஜ் வேற. உங்க தம்பி தங்கச்சி யாராவது ஒன்பதாவதுல இருந்தா பிப்ரவரி கடைசியிலேர்ந்து இஸ்ரோ அறிவிப்பைப் பார்த்துட்டே இருங்க. ஆனா எண்ணிக்கையைப் பாருங்க: 2023-ல மொத்த இந்தியாவுக்கும் 337 பேர். திருத்தணி தாலுகாவுல ஒருத்தருக்குக் கிடைச்சாலே ஊர் பூரா பேனர் வைக்கலாம்.

அடுத்தது அடல் டிங்கரிங் லேப். 2016-லேர்ந்து ஓடுது, ஒரு பள்ளிக்கு 20 லட்சம் வரைக்கும் மானியம். 2025 பிப்ரவரி பட்ஜெட்ல அஞ்சு வருஷத்துல அரசுப் பள்ளிகள்ல இன்னும் 50,000 லேப்னு சொல்லியிருக்காங்க. நம்ம மாநிலத்துல ஆறாவதுலேர்ந்து எட்டாவது வரைக்கும் வானவில் மன்றம் 2022-லேர்ந்து இருக்கு. எல்லாம் சரி. ஆனா இதெல்லாம் ஸ்கூல் நடக்கற நாள்ல, பாடத்துக்கு நடுவுல கிடைக்கற பீரியட்ல. லீவு விட்டா கதவு சாத்திடும். 3டி பிரிண்டர் வாங்கிடலாம். அது பாதியில நின்னா பக்கத்துல உக்காந்து "எங்கடா மாட்டுது, வா பார்ப்போம்"னு சொல்ல ஒரு ஆள் வேணும். இங்கே எந்த பட்ஜெட்லயும் வராத ஒரு சரக்கு நம்ம கிட்டத்தான் ஏராளமா இருக்கு: வேலை சேர தேதி வராம வீட்டுல உக்காந்திருக்கற ஃபைனல் இயர் பசங்க.

சரி, என்ன சொல்லித் தர்றது? இங்கதான் நம்ம ஏரியாவுக்கு ஒரு அதிர்ஷ்டம். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டு பக்கம் போனா தெருவுக்குள்ள நுழையறப்பவே தறி சத்தம் கேக்கும். அந்த வீட்டுப் பசங்க சின்ன வயசுலேர்ந்து தார் சுத்தி, அறுந்த நூலை முடிஞ்சு வளர்ந்தவங்க. நம்ம செட்டுல ஒருத்தன் அப்படிப்பட்ட வீட்டுக்காரன். மூணாவது செமஸ்டர்ல கேம், கியர்னு போர்டுல படம் போட்டப்போ நாங்க எல்லாம் முழிச்சிட்டு இருந்தோம், அவன் மட்டும் "இது எங்க வீட்டுத் தறிடா"ன்னான்.

அவன் சொன்னதை அப்படியே சொல்றேன். விசைத்தறியில மேல ஒரு கிராங்க் ஷாஃப்ட். அது ஒரு சுத்து சுத்தினா ஒரு ஊடை விழும். கீழ இன்னொரு ஷாஃப்ட், அது சரியா பாதி வேகம். ஏன் பாதி? நாடா ஒரு தடவை இடதுலேர்ந்து வலதுக்குப் போகுது, மறுதடவை வலதுலேர்ந்து இடதுக்கு வருது. ஒவ்வொரு பக்கமும் அடிக்கற கேம் ரெண்டு ஊடைக்கு ஒரு தடவைதான் வேலை செய்யணும். அதனால பல் சக்கரம் ரெண்டுக்கு ஒண்ணு. இதையே பைக் இன்ஜினுக்கு மாத்திப் பாருங்க: நாலு ஸ்ட்ரோக், கேம் ஷாஃப்ட் கிராங்கோட பாதி வேகம். ஒரே யோசனை. புக்ல இதுக்கு ரெண்டு வரி, தறி முன்னாடி நின்னா கண்ணாலயே எண்ணிடலாம்.

இன்னும் இருக்கு. ஊடை அறுந்தா தறி தானா நிக்கும். எலக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது. முள் கரண்டி மாதிரி ஒரு சின்னக் கம்பி. நூல் குறுக்கே இருந்தா அதுல பட்டுக் கம்பி சாயும், தறி ஓடிட்டே இருக்கும். நூல் இல்லைன்னா சாயாது, ஒரு கொக்கியில மாட்டும், கொக்கி ஹேண்டிலை இழுத்துடும், தறி ஆஃப். சென்சார், லாஜிக், ஆக்சுவேட்டர் மூணும் ஒரு இரும்புக் கம்பியில முடிஞ்சிருச்சு. பார்டர் போடற தறியில மேல ஜக்கார்டு பெட்டி இருந்தா அதுல ஓட்டை போட்ட அட்டை வரிசை ஓடும். பிரான்ஸ்ல ஜக்கார்டு அதை 1804-ல கொண்டு வந்தார். அந்த அட்டையைப் பார்த்துதான் சார்லஸ் பாபேஜ் தன்னோட கணக்கு மெஷினுக்கும் அட்டை போடலாம்னு முடிவு பண்ணினார். கோடிங் கேம்ப் நடத்தணுமா? அம்மையார்குப்பத்துலேர்ந்து ஆரம்பிங்க. நம்ம ஜூனியர்ஸுக்கு 'தமிழரும் தொழில்நுட்பமும்'னு ஒரு பேப்பர் இருக்கே, அதுல முதல் யூனிட்டே நெசவு. சங்க காலத்து நெசவைப் பத்தி ஹால்ல உக்காந்து எழுதறாங்க, இந்தக் காலத்துத் தறி ஒரு பஸ் தூரத்துல ஓடிட்டு இருக்கு.

இப்போ ஃபேன். மே மாசம் திருத்தணியில எந்த வீட்டுலயும் ஒரு ஃபேன் மெதுவா சுத்தும். ரெகுலேட்டர் போச்சும்பாங்க, வோல்டேஜ் கம்மிம்பாங்க. முக்கால்வாசி நேரம் கெபாசிட்டர்தான். சீலிங் ஃபேன்ல ரெண்டு வைண்டிங். ஒண்ணு நேரா லைன்ல, இன்னொண்ணு கெபாசிட்டர் வழியா. அந்தக் கெபாசிட்டர் ரெண்டாவது வைண்டிங்ல போற கரண்ட்டைக் கொஞ்சம் முன்னாடி தள்ளி விடுது, அதனாலதான் காந்தப்புலம் சுத்துது, ஃபேனும் சுத்துது. நாள்பட்ட கெபாசிட்டர் தளர்ந்துடும். மேல 2.5 மைக்ரோஃபாரட்னு அச்சடிச்சிருக்கும், மீட்டர்ல வச்சா 1.5 காட்டும். புதுசு வாங்கி மாட்டினா காத்து வரும். நமக்கு இது சிங்கிள் ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டார்னு ஒரு 13 மார்க். படம் போட்டு எழுதிட்டு வந்துட்டோம். ஆனா ஒன்பதாவது படிக்கற ஒரு பொண்ணு பழைய ஃபேனைக் கழட்டி, கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் பண்ணி, மீட்டர்ல வச்சு, அச்சடிச்ச நம்பரும் மீட்டர் நம்பரும் வேற வேறன்னு தானா பார்த்தா, அன்னிக்கு அவ செஞ்சது முழு இன்ஜினியரிங். நோய் என்னன்னு ஒரு சந்தேகம், அதை அளந்து பார்த்தாச்சு, சரி பண்ணியாச்சு. வீட்டுக்குப் போய் அப்பாகிட்ட "ரெகுலேட்டரை மாத்தாதீங்கப்பா"ன்னு சொல்லுவா பாருங்க, அது எந்த சர்டிபிகேட்லயும் வராது.

இப்படி மலிவா, இருக்கறதை வச்சுச் சொல்லித் தர்றது புதுசு இல்ல. அரவிந்த் குப்தான்னு ஒருத்தர், ஐ.ஐ.டி. கான்பூர், 1975 பேட்ச். டெல்கோவுல வேலை பார்த்தவர். மத்தியப் பிரதேசத்துல 1972-ல தொடங்கின ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்துக்குப் போய், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் ட்யூபையும் வச்சு கிராமத்துப் பசங்களுக்கு ஜியோமெட்ரி சொல்லித் தந்தார். 2018-ல பத்மஸ்ரீ. இன்னும் பக்கத்துல வேணும்னா குப்பம். 1960 வரைக்கும் திருத்தணியும் சித்தூர் மாவட்டத்துலதானே இருந்தது, அந்தக் கணக்குல பார்த்தா குப்பம் நமக்குப் பழைய பக்கத்து வீடு. அங்கே 1999-ல ஆரம்பிச்ச அகஸ்தியா ஃபவுண்டேஷன் 172 ஏக்கர்ல கேம்பஸ் வச்சிருக்கு. வேன்ல லேப் ஏத்திட்டு கிராமம் கிராமமா போறாங்க. பெரிய பசங்களே சின்ன பசங்களுக்குச் சொல்லித் தர்ற பழக்கம் அங்கே உண்டு.

"ஏப்ரல் மே எக்ஸாம் டைம், யாருப்பா வருவா?"ன்னு கேப்பீங்க. ஜூனியர்ஸ் வர முடியாது, உண்மைதான். ஆனா எட்டாவது செமஸ்டர்ல ப்ராஜெக்ட் தவிர நமக்குப் பேப்பர் கிடையாது. வைவா முடிஞ்சா ஃப்ரீ. அரியர் இருக்கறவங்க விட்டுடுங்க, படிங்க. ப்ராக்டிகல் எக்ஸாம் முடிஞ்ச பிறகு லேபும் சும்மாத்தான் இருக்கு. என்.எஸ்.எஸ்.ல இருக்கற ஜூனியருங்களுக்கு ரெண்டு வருஷத்துல 240 மணி நேரக் கணக்கு, ஏழு நாள் ஸ்பெஷல் கேம்ப் கணக்கு இருக்கு. கேம்புக்குப் போய் எங்கயோ புல் புடுங்கி போட்டோ எடுக்கறதுக்கு, இதுல ஒரு வாரம் உக்காரலாம்.

நிஜமான தலைவலி வேற. முதல்ல சாப்பாடு. லீவுல சத்துணவு கிடையாது. மத்தியானம் சோறு இல்லாம ஏழாவது படிக்கற பையனை வெயில்ல வர வச்சு கிர்ச்சாஃப் லா சொன்னா மயக்கம்தான் வரும். மெஸ்ல நாப்பது பேருக்குக் கூடுதலா சமைக்கணும், அதைக் கேட்டே ஆகணும். அடுத்தது பஸ். காலேஜ் பஸ் வீட்டுப் பக்கம் வரை வந்து, நாலு மணிக்குள்ள திருப்பி விட்டாத்தான் பொண்ணுங்களை அனுப்புவாங்க. இதை முதல்லயே தீர்க்கலைன்னா முழு கேம்பும் பசங்க கேம்பா ஆயிடும். பாதுகாப்புல சமரசம் வேண்டாம். எட்டாவது வரைக்கும் லேத் பக்கமே விடக் கூடாது. கரண்ட்டை டெக்னீஷியன் அண்ணா மட்டும்தான் போடணும், அவங்க இல்லாத நேரம் மெயின் ஆஃப். அவங்களுக்கு லீவு நாள் வேலைக்கு உரிய காசைக் காலேஜ் கொடுக்கணும், "சேவை"ன்னு சொல்லி ஏமாத்தக் கூடாது.

மொழி பத்தி ஒண்ணு. தமிழ்லதான் நடத்தணும், வீட்டுல தெலுங்கு பேசற பசங்களும் நிறைய வருவாங்க, நம்ம கிளாஸ்லயே தெலுங்கு தெரிஞ்சவங்க இருக்காங்க, அவங்க முன்னாடி வரணும். 'கெபாசிட்டர்' அப்படியே இருக்கட்டும், அது என்ன செய்யுதுங்கறதைத் தமிழ்ல சொல்லுங்க. இங்கிலீஷ் மீடியம் ஆளா நான் ஒண்ணு கவனிச்சிருக்கேன்: தமிழ்ல விளக்க முடியாத டாபிக் எல்லாம் எனக்கே சரியா புரியாத டாபிக்தான்.

அட்மிஷன் ஆபீஸ் இதுல கை வைக்கக் கூடாதுன்னு ஒரு கண்டிஷன் போடணும்னு நினைக்கறேன். போன் நம்பர் வாங்கி பிளஸ் டூ முடிச்சதும் கால் பண்ற வேலை ஆரம்பிச்சா, அது பழைய ஃப்ளெக்ஸ் கேம்புதான். வர்ற பையன் நாளைக்கு வேற காலேஜ்ல சேர்ந்தா சேரட்டும். பாலிடெக்னிக் போனா போகட்டும்.

மெக்கானிக்கல், இ.இ.இ. ஹெச்.ஓ.டி.களுக்கும் என்.எஸ்.எஸ். ஆபீசருக்கும் குடுக்க லெட்டர் டிராஃப்ட் ரெடியா இருக்கு. முதல் வருஷம் நாப்பது பேர், ஏழாவதுலேர்ந்து ஒன்பதாவது வரைக்கும், மே கடைசி ரெண்டு வாரம். 2024-ல வெயிலால ஸ்கூல் திறப்பு ஜூன் 6-லேர்ந்து 10-க்குத் தள்ளிப் போச்சு, இந்த வருஷமும் கொஞ்சம் இடம் கிடைக்கலாம். பக்கத்து ஸ்கூல் ஹெச்.எம்.களைப் பார்க்கறதுன்னா அவங்க முழுப் பரீட்சை முடியறதுக்கு முன்னாடி பார்க்கணும், லீவு விட்டா பசங்களைப் பிடிக்க முடியாது. கையெழுத்து போட வர்றவங்க வொர்க்‌ஷாப் வாசல்ல எந்த நாளும் சாயங்காலம் நாலரைக்கு வாங்க. வீட்டுல ஓடாத ஃபேன், மிக்ஸி எது இருந்தாலும் எடுத்துட்டு வாங்க. ஓடறது வேண்டாம்.